கோழிப்பண்ணை பல்பும் சைபீரியக் குருவியும்

மார்கழிப் பின்னிரவில் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் சாலையில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பனிமூட்டத்தில் காடு, தோட்டம், கரடு எல்லாம் மறைந்து கிடக்கும். முட்டைக்கோழிப் பண்ணைகளின் நீளமான கொட்டகைகளில் மட்டும் வரிசையாக பல்புகள் எரிந்துகொண்டிருக்கும். கோழிக்கு இருட்டு பயம் என்பதால் அல்ல. நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால்தான் கோழி தவறாமல் முட்டையிடும். பகல் குறைந்த மாதங்களில் அந்தக் குறையை பல்பு ஈடுகட்டுகிறது.

விடிந்ததும் அதே பண்ணையின் வெளிவேலியில், கிளுவைப் புதருக்குள்ளிருந்து, 'டக்... டக்...' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் மட்டும்தான் கேட்கும், ஆள் தெரியாது. பொறுமையாக நின்றால் மண்நிறத்தில், பத்துப் பன்னிரண்டு கிராம் எடையில் ஒரு குருவி இலைமறைவில் தாவுவது தெரியும். பெயர் பிளித் நாணல் கதிர்குருவி. பின்லாந்து தொடங்கி மேற்கு சைபீரியா, கஜகஸ்தான் வரை பரந்த நிலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் இது. புரட்டாசி வாக்கில் நம் வேலிக்கு வந்து சித்திரை வரை இங்கேயே இருக்கும். மார்கழியில் அதன் ஊரில் வெண்பனி தரையை மூடியிருக்கும்.

கொட்டகைக்குள் இருக்கும் கோழியையும் வேலியில் இருக்கும் குருவியையும் ஆட்டி வைப்பது ஒரே விசைதான். அதைப் புரிந்துகொண்டால் நம் ஊருக்கு வரும் பறவைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

குளிர் தாங்காமல் பறவைகள் தெற்கே வருகின்றன என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படியானால் சூறைக்குருவியின் பயணத்துக்கு என்ன விளக்கம்? இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையும் கொண்ட, மைனா குடும்பத்துப் பறவை அது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சுகளை வளர்க்கிறது. அந்த வேலை முடிந்த கையோடு, ஜூலை ஆகஸ்டிலேயே, இந்தியாவுக்குள் வந்துவிடுகிறது. அங்கே அது கடுங்கோடைக் காலம், பனியின் சுவடே இருக்காது. பொரி உள்ளான்களும் அப்படித்தான். ஆவணியில் நம் குட்டைகளில் வாலை ஆட்டிக்கொண்டு சேற்றைக் குத்தும் உள்ளான், வடகோடிச் சதுப்புகளில் முதல் குளிர்காற்று அடிப்பதற்கு முன்பே கிளம்பி வந்தது.

இன்னொரு பக்கம், குளிரைத் தாங்கும் திறன் பறவைகளுக்கு நிறையவே உண்டு. பறவையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 40, 41 டிகிரி. இறகுகளை உப்பவைத்து அதற்குள் காற்றைச் சிறைபிடித்துக்கொள்ளும். பனிக்கட்டி மேல் நிற்கும் வாத்தின் காலுக்குள் இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பாதத்தை அடைகிறது. ஆகவே வெப்பம் வீணாவதில்லை. டொரோண்டோவில் வசிக்கும் உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜனவரிப் பனிக்குவியலுக்கு நடுவே அவர்கள் ஜன்னலில் தொங்கும் விதைத்தட்டுக்குக் கருந்தொப்பிச் சிக்கடி என்ற குருவி வரும். பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். நம் வேலிக் குருவியின் எடைதான். இலையுதிர் காலத்திலேயே விதைகளை ஒவ்வொன்றாக ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, பனிக்காலத்தில் நினைவிலிருந்து தேடி எடுத்துத் தின்னும். இரவில் உடல் வெப்பத்தைப் பல டிகிரி இறக்கிக்கொண்டு எரிபொருளை மிச்சம் பிடிக்கும். அது தெற்கே வருவதே இல்லை.

வித்தியாசம் உணவில் இருக்கிறது. விதை தின்னும் பறவைக்குப் பனியிலும் ஏதோ கிடைக்கும். பூச்சியை மட்டுமே நம்பிய கதிர்குருவிக்கு எதுவும் கிடைக்காது. சேற்றைக் குத்தும் உள்ளானுக்கு, சேறு கல்லாக உறைந்துவிட்டால் பட்டினிதான். போதாக்குறைக்குப் பகலும் சுருங்கிவிடும். வடக்கே 60-வது அட்சரேகையில் கோடையில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம், நடுப் பனிக்காலத்தில் ஆறு மணி நேரம்கூட இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்ட 19 மணி நேரம் பூச்சி பிடிக்க முடிகிற ஊர், அரையாண்டு கழித்து இரை தேடவே வெளிச்சம் இல்லாத ஊராகிவிடுகிறது. ஆகவே பறவைகள் தப்பி வருவது பசியிலிருந்து.

ஆனால் பசி வந்த பிறகு கிளம்பினால் வழியிலேயே செத்துவிடும். முன்கூட்டியே எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கனடாவில், பனிக்கு நடுவே கிடைத்தது. எட்மன்டன் நகரில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ரோவன், 1924-ல் தெற்கே போய்க்கொண்டிருந்த ஜுங்கோ என்ற சிறு குருவிகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் விட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை சரியக்கூடிய குளிர் அந்த ஊரில் உண்டு. இரண்டு கூண்டுகளுக்கும் ஒரே குளிர், ஒரே தீனி. ஒரு கூண்டில் மட்டும் மின்விளக்கு போட்டு, ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நடுப் பனிக்காலத்தில், விளக்குக் கூண்டில் இருந்த ஆண் குருவிகளின் விதைப்பைகள் வசந்தகாலத்தில் இருப்பதைப்போல வளர்ந்திருந்தன. விளக்கில்லாத கூண்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1925-ல் 'நேச்சர்' இதழில் அவர் இதை வெளியிட்டார். பறவையின் நாட்காட்டி வெப்பமானியில் இல்லை, பகலின் நீளத்தில் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் ஒன்று அது.

சில ஆண்டுகளில் பிரான்ஸில் ழாக் பெனுவா என்ற ஆய்வாளர் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். பார்வையை முற்றிலும் இழந்த வாத்துகளும் பகல் நீளத்தை உணர்ந்தன. வெளிச்சம் மெல்லிய மண்டையோட்டைக் கடந்து நேராக மூளைக்குள் போகிறது. அங்கே ஆழத்தில் உள்ள ஒளியுணர் செல்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. அவை ஹைப்போதலாமஸைத் தூண்ட, அது பிட்யூட்டரியைத் தூண்ட, ஹார்மோன்கள் சுரந்து சினைப்பையும் விதைப்பையும் வளர்கின்றன. நம் மாவட்டத்துப் பண்ணைக்காரர் விடிகாலை ஸ்விட்சைப் போடும்போது நடப்பது இதுவேதான். கோழியின் மூளையிடம் அந்த பல்பு, 'கோடை வந்துவிட்டது, முட்டையிடு' என்று சொல்கிறது. சைபீரியாவில் அந்தச் செய்தியைச் சூரியன் சொல்கிறது. பகல் குறையத் தொடங்கியதும் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கி, கொழுப்புச் சேர்ந்து, இரவுகளில் இருப்புக் கொள்ளாத தவிப்பு பிறக்கிறது. கூண்டில் அடைத்த வலசைப் பறவையும் அந்தப் பருவத்தில் இரவெல்லாம் சிறகடித்துக் குதிக்கும், அதுவும் போகவேண்டிய திசையைப் பார்த்தே குதிக்கும்.

இங்கேதான் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் வருகிறது. திருச்செங்கோடு 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். வேலியில் இருக்கும் கதிர்குருவிக்கு, ஊர் திரும்பும் காலம் வந்துவிட்டது என்று யார் சொல்வது? ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர் ஐரோப்பியக் கதிர்குருவிகளை 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாறாத அறைகளில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார். வெளியிலிருந்து எந்தச் சேதியும் இல்லாமலே அவை காலம் தவறாமல் இறகு உதிர்த்தன, கொழுப்பு சேர்த்தன, இரவில் தவித்தன. அந்தச் சுழற்சி சரியாக ஓராண்டுக்கு ஒருமுறை வராமல், சற்று முன்பின்னாகவே வந்தது. வெளியிலிருந்து சேதி வராததே அதற்குக் காரணம். ஆண்டைக் கணக்கிடும் கடிகாரம் உடலுக்குள்ளேயே ஓடுகிறது, பகலின் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவுதான். பத்து கிராம் உடலுக்குள் இருக்கும் இந்தக் கடிகாரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாகவே இருக்கிறது.

வழி தெரிவது தனிக் கதை. பெரும்பாலான சிறு பறவைகள் இரவில்தான் பறக்கின்றன. இரவு வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே பார்த்து வடக்கைக் கற்றுக்கொள்கின்றன என்று கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்து ஆய்வாளர் ஸ்டீபன் எம்லன் காட்டினார். பூமியின் காந்தப்புலத்தை உணரும் திறனும் அவற்றுக்கு உண்டு. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் இதற்கு உதவுகிறது என்பது இப்போது வலுவாக நிற்கும் கருதுகோள்.

திருப்பூர் அருகே நஞ்சராயன் குளத்துக்கும் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் வரும் வரித்தலை வாத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மங்கோலியா, திபெத் ஏரிகளில் பிறந்து இமயத்தைத் தாண்டி வருகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி நடத்திய ஆய்வில், 2013-ல் வெளியான முடிவின்படி, ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவானது. அங்கே நம் ஊர்க் காற்றில் உள்ள ஆக்சிஜனில் பாதிகூட இல்லை. ஆனாலும் அது வேண்டுமென்றே உச்சிக்குப் போவதில்லை. மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே தாழ்ந்தும் உயர்ந்தும் பறக்கிறது. பெரிய நுரையீரலும், ஆக்சிஜனை இறுகப் பற்றும் ஹீமோகுளோபினும் அதற்கு உண்டு. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடிகாலையிலும் மலை ஏறுவதையே விரும்புகிறது.

வாத்துகள் கண்ணுக்குத் தெரியும்படி கூட்டமாக ஏரியில் இறங்குவதால் செய்தித்தாளில் படம் வருகிறது. ஈரோடு பக்கம் வெள்ளோடு ஏரி 2022-லும், நஞ்சராயன் குளம் 2024-லும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. மகிழ்ச்சியான சேதிதான். ஆனால் வெளிநாட்டுப் பறவை என்றால் சரணாலயத்துக்குத்தான் போகும் என்ற எண்ணமும் இதனாலேயே ஊறிவிட்டது. திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள மேட்டாங்காடுகளில் ஒரு காலைப்பொழுது நடந்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். கிளுவை வேலிக்குள் கதிர்குருவி. கருவேல மரக்கிளை நுனியில் கீச்சிடும் பழுப்புக் கீச்சான், அது சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வந்தது. சோளத்தட்டு அறுத்த வயலில் மாடுகளின் காலடியில் ஓடும் மஞ்சள் வாலாட்டி. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, பனி விலகிப் பூச்சி கிளம்பக் காத்திருக்கும் தகைவிலான்கள். குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் உள்ள குட்டையில் உள்ளான்கள். வேப்பமரத்தின் மேல்கிளையில் சிலுசிலுவென்று கூவும், ஏழெட்டு கிராமே உள்ள பச்சைக் கதிர்குருவி, அது இமயமும் அதற்கு அப்பாலும் உள்ள காடுகளிலிருந்து வந்தது.

இந்தப் பச்சைக் கதிர்குருவியைப் பற்றிப் பறவை ஆய்வாளர் மதுசூதன் கட்டி 1990-களில் களக்காடு-முண்டந்துறைக் காட்டில் ஆய்வு செய்தார். பனிக்காலம் முழுக்க ஒவ்வொரு குருவியும் தனக்கென்று சில மரங்களை எல்லை வகுத்துக்கொண்டு, வேறு குருவி வந்தால் விரட்டுகிறது. அதன் கூவல் பெரும்பாலும் அந்த எல்லையை அறிவிப்பதற்கே. நம் தோட்டத்து வேப்பமரம் அதற்கு வெறும் வழித்தங்கல் இல்லை, ஆண்டில் பாதிக்கு மேல் வாழும் வீடு. அந்த மரம் போனால் பக்கத்து மரத்துக்குப் போகலாமே என்றால், பக்கத்து மரம் ஏற்கெனவே இன்னொரு குருவியின் கையில் இருக்கிறது.

பனிமூட்டமே பறவை பார்ப்பவருக்கு நல்ல துணை என்பதையும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண், மேகமில்லாத மார்கழி இரவில் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. இந்தக் குளிரில் பூச்சிகள் விறைத்துக் கிடப்பதால் பூச்சியுண்ணும் பறவைகள் அவசரப்படுவதில்லை. இறகை உப்பிக்கொண்டு, வெயில் படும் கிளையில் அசையாமல் உட்காரும். கீச்சானையும் பஞ்சுருட்டானையும் நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வல்லூறு, கழுகு, பருந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்பது மணிக்கு மேல் அர்த்தநாரீசுவரர் மலையை அண்ணாந்து பார்க்கவேண்டும். செம்பாறை வெயிலில் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்பத் தொடங்கியதும் பருந்துகள் சிறகடிக்காமலே அந்தக் காற்றில் வட்டமிட்டு ஏறும். படியேறிப் போகிறவர்கள் பாறை இடுக்குகளையும் கவனிக்கலாம். இமயத்திலிருந்து பனிக்காலத்துக்கு இறங்கி வரும் நீலப் பாறைப் பூங்குருவி இத்தகைய மொட்டைப் பாறைகளையும் கோட்டைச் சுவர்களையும் விரும்பித் தங்கும் பறவை.

நாமக்கல் மாவட்டத்தில் வலசைப் பறவை என்றாலே இன்னொரு பேச்சும் எழும். எங்காவது பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், பண்ணைகளில் கலக்கம் தொடங்கிவிடும். முட்டையையும் கோழியையும் நம்பிய மாவட்டத்துக்கு அது நியாயமான பயம். சீனாவின் சிங்காய் ஏரியில் 2005-ல் எச்5என்1 வைரஸால் 6,000-க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் மாண்டன, அதில் அதிகம் இறந்தது வரித்தலை வாத்து. இந்தியாவில் முதன்முதலாக 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பண்ணைக்கோழிகளில் அந்நோய் உறுதியானது. காட்டுப் பறவைகள், முக்கியமாக வாத்துகளும் கடற்காகங்களும், வைரஸைச் சுமக்கக்கூடும் என்பது உண்மை. அதே அளவு உண்மை, இந்தக் கொடிய வைரஸ் வகை முதலில் உருவானதே வளர்ப்புப் பறவைகளிடையே என்பதும், கோழி, வாத்து வியாபாரமும் வண்டியும் கூண்டும் செருப்பும் அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகின்றன என்பதும். வேலியில் பூச்சி பொறுக்கும் கதிர்குருவியையோ ஏரியில் இறங்கும் உள்ளானையோ வெடி போட்டு விரட்டுவதால் ஒரு பண்ணையும் காப்பாற்றப்படாது. மிரண்ட பறவை இன்னொரு குட்டைக்குத்தான் போகும். கொட்டகைக்கு வலை, குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி, வாசலில் கிருமிநாசினித் தொட்டி, ஏரித் தண்ணீரை நேராகக் கோழிக்குக் கொடுக்காமல் இருப்பது, செத்த பறவையைக் கண்டால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்வது ஆகியவைதான் காக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. நாடு முழுக்க 942 பறவை இனங்களை ஆராய்ந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2023-ல் வந்தது. உள்ளூர்ப் பறவைகளைவிட நெடுந்தூரம் வலசை வரும் பறவைகளே வேகமாகக் குறைகின்றன என்றது அது. புல்வெளி, மேய்ச்சல் நிலம், தரிசு போன்ற திறந்தவெளிகளை நம்பிய இனங்களும், இரையைப் பிடித்துண்ணும் பெரும்பறவைகளும் சரிந்துகொண்டிருக்கின்றன. திருச்செங்கோட்டுப் பக்கம் இதற்கு அர்த்தம் என்ன? உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடுகிறோம், கதிர்குருவிக்கு அங்கே இடமில்லை. கரட்டை வெட்டி ஜல்லியாக்குகிறோம். குட்டையை மண் போட்டு மூடி மனை பிரிக்கிறோம். மேய்ச்சல் நிலத்தைத் 'தரிசு' என்று எழுதிவைத்து, எதற்கும் உதவாத நிலம் என்று நம்பிவிடுகிறோம். சைபீரியாவில் யாரும் தொடாத காட்டில் பிறந்த குருவியும், நம் தோட்டத்தில் வேலி இல்லாததால் அழியலாம். ஆண்டில் எட்டு மாதம் அது நம்மிடம்தான் இருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பில் பாதிக்கு மேல் நம்முடையது என்பதே என் உறுதியான கருத்து.

மேலே சொன்ன அறிக்கை பெரும்பாலும் சாதாரண மக்களின் குறிப்புகளால் உருவானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய மூன்று கோடிக்கும் மேலான பதிவுகள் அதன் அடித்தளம். இப்படிப் பொதுமக்கள் எண்ணுவது 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது. அன்றைக்குப் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டி அமெரிக்காவில் வழக்கமாக இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்று பறவையியலாளர் பிராங்க் சாப்மன் அழைத்தார், 27 பேர் பனிக்காலக் குளிரில் இறங்கி எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கலந்துகொள்ளச் சிறப்புத் தகுதி எதுவும் வேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடி, தோட்டம், ஏரிக்கரை, மலைப்படி, எந்த இடமானாலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். அடையாளம் தெரியாத குருவிக்கு ஊகமாகப் பெயர் போடாதீர்கள், 'அடையாளம் தெரியாத கதிர்குருவி' என்று எழுதுவதும் பயனுள்ள தகவல்தான்.

நாமக்கல், சேலம் மாவட்டங்களின் புகழ்பெற்ற ஏரிகளில் இருந்து பட்டியல்கள் வருகின்றன. வேலிகளிலிருந்தும் குட்டைகளிலிருந்தும்தான் போதுமான அளவு வருவதில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாட்டுப் பொங்கல் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து வேலியோரம் கால் மணி நேரம் நில்லுங்கள். பார்த்ததை எழுதி அனுப்புங்கள். அந்த வேலியை அடுத்த ஆண்டும் வேலியாகவே விட்டுவையுங்கள்.